காணொலி எடுக்கப்பட்ட இடத்தை எழுதும்போது, அதை அறிந்த வழியையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக ஊடகங்களில் பரவும் காணொலிகளைப் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் வரும்போதெல்லாம், "இன்ன இடத்தில் எடுக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது" என்ற ஒற்றை வரியோடு அவை நின்றுவிடுகின்றன. யார் கூறினார், எதைக் கொண்டு கூறினார், அதை யாரேனும் சரிபார்த்தார்களா என்ற விவரம் இருப்பதில்லை. அண்மைக் காலமாக இதற்கு நேர்மாறான இன்னொரு பழக்கமும் தலைகாட்டுகிறது. "வல்லுநர்கள் இடத்தைக் கண்டறிந்துவிட்டனர்" என்று, குறி சொல்பவர் வாக்கைப் போல முடிவை மட்டும் அறிவித்துவிட்டு, வழியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வகையிலும் வாசகரின் நிலை ஒன்றுதான்: நம்புவதா வேண்டாமா என்று தாமே தீர்மானிக்க அவர் கையில் எதுவும் இல்லை.

நான் நில அளவைப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். தெரிந்த சில குறிகளைப் பார்த்து, தான் நிற்கும் இடம் எது என்று கண்டுபிடிப்பது நில அளவையில் மிகப் பழைய கணக்கு. காணொலி எடுக்கப்பட்ட இடத்தை அறிவதும் அதே கணக்குத்தான். ஆள் நின்ற இடத்தில் கேமரா நிற்கிறது, அவ்வளவே. இதில் மாயம் எதுவும் இல்லை; விடையைப் போலவே அதன் படிகளையும் பிறர் பார்க்கும்படி எழுதிவைக்க முடியும். அப்படி எழுதி வெளியிட வேண்டும் என்று கேட்பதற்காகவே இக்கடிதம்.

இந்த வேலையில் முதலில் நாட்டைக் குறுக்குகிறார்கள். அதற்கான அடையாளங்கள் பலருக்கும் தெரிந்தவைதாம். வாகனங்கள் சாலையின் எந்தப் பக்கம் செல்கின்றன என்பது ஒன்றே உலகின் பெரும்பகுதியைக் கழித்துவிடும். எண் பலகையின் எழுத்து மங்கியிருந்தாலும் நிறம் உதவும்: பிரிட்டனில் முன்பலகை வெள்ளை, பின்பலகை மஞ்சள், நெதர்லாந்தில் இரண்டும் மஞ்சள், பெரும்பாலான ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பலகையின் இடது ஓரத்தில் நீலப் பட்டை இருக்கும். வண்டியை நிறுத்தச் சொல்லும் சிவப்பு எண்கோணப் பலகையில் துருக்கியில் "துர்" என்றும், மெக்சிகோவில் "ஆல்தோ" என்றும், பிரேசிலில் "பாரே" என்றும் எழுதியிருப்பார்கள். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பெரும்பாலும் பிரெஞ்சுச் சொல்லான "ஆரே" இருக்க, பிரான்சிலேயே "ஸ்டாப்" என்ற ஆங்கிலச் சொல்தான் இருக்கிறது. சுவரில் உள்ள மின் துளைகளின் வடிவம், கடைப் பலகையில் உள்ள தொலைபேசி எண்ணின் முன்னொட்டு, மின்கம்பத்தின் அமைப்பு என்று இந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். இணையத்தில் இதற்கென்றே தொகுப்புகள் உள்ளன என்பதால் நான் நீட்டவில்லை.

ஆனால் இந்த எளிய அடையாளங்களை நம்பும்போது இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, காணொலியை இடம்வலமாகப் புரட்டிப் பதிவேற்றுபவர்கள் உண்டு; நகல் பதிவுகளைப் பிடிக்கும் மென்பொருளுக்குத் தப்புவதற்காகப் பலர் இப்படிச் செய்கிறார்கள். புரட்டினால் சாலையின் பக்கமும் ஓட்டுநரின் இருக்கையும் ஒருசேர மாறிவிடுவதால், ஒன்றைக் கொண்டு மற்றொன்றின் பொய்யைப் பிடிக்க இயலாது. எழுத்துகளும், ஆண்களின் சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் என்பதும்தான் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது எச்சரிக்கையை நான் அதிகம் வலியுறுத்துவேன். இத்துறையின் வழிகாட்டி நூல்களும் பயிற்சிகளும் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உருவானவை. நண்பகல் நிழல் வடக்கே விழுந்தால் அது வட அரைக்கோளம் என்ற விதி கடகரேகைக்கு வடக்கே ஆண்டு முழுவதும் செல்லும். பத்துப் பாகை வட அட்சரேகையில் நிற்கும் ஒரு கம்பத்தின் நண்பகல் நிழலோ ஜூன் மாதத்தில் தெற்கே விழும். வீட்டுக் கூரைகளில் உள்ள டிஷ் ஆன்டெனாக்களும் அப்படித்தான். ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால், ஐரோப்பாவில் அந்த ஆன்டெனாக்களைத் தெற்குத் திசைகாட்டியாகவே கொள்ளலாம். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க அவை வானத்தை அண்ணாந்து, கிழக்காகவோ மேற்காகவோ சாயத் தொடங்கிவிடும். வெப்பமண்டலத்தில் எடுக்கப்பட்ட காணொலிக்கு லண்டனில் எழுதிய விதியைப் பொருத்திப் பார்த்துப் பிழையான முடிவுக்கு வருவதற்கு இங்கே நிறைய இடம் உண்டு.

வீட்டுக்குள் எடுக்கப்பட்ட காணொலியிலும் தடயம் இருக்கக்கூடும். மின்விளக்கின் ஒளி கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பதால், சில கேமராக்களில் திரையின் குறுக்கே மங்கலான பட்டைகள் நகர்கின்றன. மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சியா 60 சுழற்சியா என்பதைப் பொறுத்து அந்தப் பட்டைகளின் இடைவெளியும் வேகமும் மாறும். ஜப்பானின் கிழக்குப் பகுதியில் 50, மேற்குப் பகுதியில் 60 என்பதால், ஒரே நாட்டுக்குள்ளேயே இது பயன்படலாம். இப்படி ஒரு தடயம் தனியாக எதையும் நிறுவாது. கழிப்பதற்கு மட்டும் உதவும்.

நாடும் ஊரும் ஓரளவு குறுகிய பிறகு தொடங்குவதுதான் உண்மையான வேலை. ஒரு காணொலியில், நீர்த்தொட்டி ஒன்றின் வலப்பக்கத் தூணுக்கு நேர் பின்னால் ஒரு கைபேசிக் கோபுரம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். செயற்கைக்கோள் படத்தில் அந்தத் தூணையும் கோபுரத்தையும் இணைத்து ஒரு கோடு இழுத்து, அதைத் தொட்டிக்கு இப்பால் நீட்டினால், கேமரா அந்தக் கோட்டின் மேல்தான் எங்கோ இருந்திருக்க வேண்டும். அதே காணொலியில் இன்னொரு கட்டடத்தின் மூலை, தொலைவில் உள்ள ஒரு குவிமாடத்தின் விளிம்பைச் சரியாகத் தொட்டு நிற்கிறது என்றால், அது இரண்டாவது கோடு. இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் கேமரா இருந்தது. மூன்றாவது இணை ஒன்று கிடைத்தால் அதுவும் அதே புள்ளி வழியே போகவேண்டும். நடைமுறையில் மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் கூடாமல் ஒரு சிறு முக்கோணத்தை உண்டாக்கும். முக்கோணம் சிறிதாக இருந்தால் இடம் உறுதி, பெரிதாக இருந்தால் நாம் அடையாளம் கண்ட பொருள்களில் ஏதோ ஒன்று தவறு. சமதள மேசையில் தாள் விரித்து இதைச் செய்த காலத்து விதி இன்றைக்கும் மாறவில்லை. இம்முறையின் சிறப்பு என்னவென்றால், கேமராவின் லென்ஸ் எப்படிப்பட்டதாக இருந்தாலும் கவலையில்லை. லென்ஸ் பொருள்களைச் சிறிதாக்கும், பெரிதாக்கும், வளைக்கவும் செய்யும். ஆனால் எதற்குப் பின்னால் எது மறைகிறது என்பதை அதனால் மாற்ற முடியாது. அதைக் கேமரா நிற்கும் இடம் மட்டுமே தீர்மானிக்கிறது.

ஒற்றை நிழற்படத்தைவிடக் காணொலி இங்கே மிகவும் உதவியானது. எடுப்பவர் நாலடி நடந்தாலும், அருகில் உள்ள பொருள்கள் பின்னணியில் நகர்கின்றன, தொலைவில் உள்ளவை நகர்வதில்லை. எது முன்னே எது பின்னே என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது கிடைக்கும் படச்சட்டங்களை ஒட்டிவைத்தால் அகலமான ஒரு தொடுவானம் கிடைக்கும். வெடிப்பு ஒன்று பதிவாகியிருந்தால், ஒளி தெரிந்த நொடிக்கும் ஓசை கேட்ட நொடிக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு தொலைவையும் சொல்லிவிடலாம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், மூன்று நொடி என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் நிகழ்ந்த வெடிப்பைப் பல கோணங்களில் பலர் படம் பிடித்திருந்ததால், லண்டனைச் சேர்ந்த ஃபாரன்சிக் ஆர்க்கிடெக்சர் ஆய்வுக்குழு அந்தக் காணொலிகளை ஒவ்வொன்றாக இடம் கண்டு பொருத்தி, கிடங்கிலிருந்து எழுந்த புகையின் வடிவத்தைக் கொண்டு உள்ளே நடந்ததை ஆராய முடிந்தது.

படிகளைத் திறந்துகாட்டும்போது எவ்வளவு வலிமை கிடைக்கிறது என்பதற்கு, என் மதிப்பீட்டில், ஆப்பிரிக்க நாடான கேமரூனின் வழக்கைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. இரண்டு பெண்களும் இரண்டு குழந்தைகளும் ராணுவ உடையில் இருந்தவர்களால் சுட்டுக் கொல்லப்படும் காணொலி ஒன்று 2018 ஜூலையில் வெளிவந்தது. கேமரூன் அரசு அதைப் போலிச் செய்தி என்று மறுத்தது. மாலி நாட்டில் எடுக்கப்பட்டது என்றும் பேச்சு எழுந்தது. காணொலியின் முதல் பகுதியில், நடந்து செல்வோருக்குப் பின்னால் ஒரு மலைத்தொடர் தெரிகிறது. பிபிசி நிறுவனத்தின் "ஆப்பிரிக்கா ஐ" என்னும் புலனாய்வுக் குழு அதன் முகட்டு வடிவத்தைத் தனியே வரைந்து, கூகுள் எர்த்தின் நிலவடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பிறகு, கேமரூனின் வடகோடியில் நைஜீரிய எல்லையை ஒட்டிய செலெவெட் என்னும் ஊரின் பக்கம் தேடுமாறு ஒருவர் தகவல் தர, அங்கே முகடு பொருந்தியது. ஓரிடத்தைப் பற்றிய ஊகம் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தகவல் தந்தவர் சொன்னதற்காக அந்த இடம் ஏற்கப்படவில்லை. முகடு பொருந்திய பிறகு, வீடுகள், பாதைகள், மரங்கள் என்று ஒவ்வொன்றாகச் செயற்கைக்கோள் படத்தில் அமர்ந்ததால்தான் ஏற்கப்பட்டது.

அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. காணொலியில் தெரிந்த ஒரு கட்டடம் எந்தக் காலத்துச் செயற்கைக்கோள் படங்கள் வரை நிற்கிறது, இன்னொரு மதில் எப்போது முளைக்கிறது என்று பழைய படங்களை வரிசையாகப் பார்த்துக் காலத்தின் இரு எல்லைகளை நெருக்கினார்கள். ஒற்றையடிப் பாதை ஒன்று வெப்பமும் வறட்சியுமான மாதங்களில் மட்டுமே தெரிந்தது. அது ஆண்டின் பருவத்தைக் கொடுத்தது. கடைசியாக, நடந்து செல்லும் சிப்பாயின் நிழலை, சூரியக் கடிகாரத்தின் முள்ளைப் போலக் கொண்டு சூரியனின் கோணத்தைக் கணக்கிட்டு, 2015 மார்ச் 20-க்கும் ஏப்ரல் 5-க்கும் இடைப்பட்ட நாட்கள் என்று குறுக்கினார்கள். முன்பு மறுத்த அரசு 2018 ஆகஸ்டில் ராணுவத்தினர் ஏழு பேரைக் கைது செய்ததாக அறிவித்தது. 2020-இல் ராணுவ நீதிமன்றம் நால்வருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. தங்கள் வழிமுறையைப் படங்களோடும் கோடுகளோடும் அவர்கள் வெளியிட்டிருந்ததால், மறுப்பவர் எந்தப் படியை மறுக்கிறார் என்று கேட்க முடிந்தது.

நிழலைப் பற்றி ஒரு சொல். அதன் துல்லியத்தைப் பலரும் மிகைப்படுத்துகிறார்கள். சம இரவு நாளில், நண்பகலில், ஒரு மீட்டர் உயரக் கோலின் நிழல் பத்துப் பாகை அட்சரேகையில் சுமார் 18 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஐம்பது பாகையில் ஏறத்தாழ 1.2 மீட்டர். வேறுபாடு பெரியதுதான். ஆனால் நாளும் நேரமும் தெரிந்தாலும், நிழலின் நீளத்தை மட்டும் வைத்துக்கொண்டால், பூமியில் அந்த நீளத்துக்கு ஒத்துவரும் இடங்கள் ஒரு பெரிய வட்டமாக விரிந்துகிடக்கும். இடம் தெரிந்து நாள் தெரியாதபோதும், சூரியன் வடக்கே போகும்போது ஒரு நாளும் திரும்பி வரும்போது ஒரு நாளுமாக ஆண்டில் இரண்டு விடைகள் வரும். இரண்டில் எது என்பதை மரங்களின் இலையோ, வயலில் நிற்கும் பயிரோ, வேறு ஏதாவதுதான் சொல்ல வேண்டும். "நிழலை வைத்து நாளைக் கண்டுபிடித்தார்கள்" என்று செய்தியில் எழுதும்போது, இடம் முன்பே நிறுவப்பட்டிருந்ததா என்று செய்தியாளர் கேட்டுக்கொண்டால் நல்லது.

இடத்தைப் பற்றிய பொய்க் கூற்று அரசின் வாயிலிருந்தும் வரலாம் என்பதை 2014-ஆம் ஆண்டே காட்டியது. அந்த ஆண்டு ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனில் மலேசியப் பயணிகள் விமானம் எம்எச் 17 சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தனர். ஓர் ஏவுகணை குறைந்த நிலையில் பூக் ஏவுகணை வண்டி ஒன்றைச் சரக்கு வண்டியில் ஏற்றிச் செல்லும் சிறு காணொலி அடுத்த நாள் வெளியானது. அது உக்ரைன் அரசின் வசமிருந்த கிராஸ்னோஆர்மீஸ்க் நகரில் எடுக்கப்பட்டது என்றும், சாலையோர விளம்பரப் பலகையில் அந்நகரின் முகவரி தெரிகிறது என்றும் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் செய்தியாளர் கூட்டத்தில் அறிவித்தது. அதே பலகையையும் சுற்றுப்புறத்தையும் ஒப்பிட்ட தன்னார்வலர்கள், அந்த இடம் கிளர்ச்சியாளர் வசமிருந்த லுகான்ஸ்க் நகரில் இருப்பதைக் காட்டினார்கள். இப்படிப் பொதுவெளியில் கிடைக்கும் படங்களைக் கொண்டு புலனாயும் பெல்லிங்கேட் என்னும் குழு அந்த மாதம்தான் தொடங்கப்பட்டிருந்தது. அந்த வண்டியின் பயணப் பாதையைக் காட்டிய படங்களும் காணொலிகளும் பின்னர் பன்னாட்டுப் புலனாய்வில் சேர்ந்தன. 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மங்கலான எழுத்தைப் பெரிதாக்கித் தனக்கு வேண்டியதைப் படித்துக்கொள்வதைவிட, எழுத்தே இல்லாத சாலை வளைவையும் கூரையையும் ஒப்பிடுவதுதான் பாதுகாப்பு என்பது என் கருத்து. புள்ளிகள் சிதறிய படத்தில் எழுத்தை நாம் படிப்பதைவிட ஊகிப்பதே அதிகம்.

எவ்வளவு குறைந்த தடயம் போதும் என்பதற்கு ஒரு வேடிக்கையான நிகழ்வும் உண்டு. 2017 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு நடிகரும் அவருடைய கூட்டாளிகளும் கலைச்செயல்பாடு என்ற பெயரில் ஒரு கொடியைத் தெரியாத இடத்தில் ஏற்றி, கொடியும் வானமும் மட்டும் தெரியும்படி கேமராவை மேல்நோக்கித் திருப்பி நேரலையாக ஒளிபரப்பினார்கள். மரமில்லை, வீடில்லை, மலையில்லை. அவர்களைப் பிடிக்காத இணையக் கூட்டம் ஒன்று, வானில் விமானங்கள் விட்டுச்சென்ற வெண்கோடுகளின் நேரத்தையும் திசையையும் விமானப் போக்குவரத்துத் தளங்களின் பதிவோடு ஒப்பிட்டது. இரவில் விண்மீன்களின் நிலையைப் பார்த்தது. அந்த நடிகர் டென்னசி மாநிலத்தின் கிரீன்வில் என்னும் ஊரில் உணவகம் ஒன்றில் எடுத்துக்கொண்ட படம் இணையத்தில் இருப்பதையும் கண்டது. பிறகு ஒருவர் அந்தப் பகுதியில் காரை ஓட்டியபடி ஒலிப்பானை அழுத்திக்கொண்டே போக, எங்கே அழுத்தும்போது நேரலையில் கேட்கிறது என்று மற்றவர்கள் கவனித்துச் சொன்னார்கள். சில நாட்களுக்குள் கொடி பறிபோனது. அவர்கள் நோக்கத்தை நான் மெச்சவில்லை. முறை மட்டும் குறைசொல்ல முடியாதது, ஏனென்றால் கடைசிச் சோதனை, தங்கள் விடை தவறானால் தவறு என்று உடனே காட்டிவிடக்கூடிய சோதனையாக இருந்தது.

அந்தச் சோதனை மனப்பான்மைதான் பல செய்திகளில் காணாமல் போகிறது. ஒத்திருப்பவற்றைத் தேடினால் உலகில் எந்தத் தெருவுக்கும் ஒப்பான தெரு கிடைக்கும். நீலக் கதவும், இரண்டு மாடியும், மூலையில் ஒரு மரமும் பொருந்திவிட்டன என்பது போதாது. விளக்க முடியாத ஒரே ஒரு வேறுபாடு அந்த மூன்றையும் கவிழ்த்துவிடும். "விளக்க முடியாத" என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு: இணைய வரைபடத்தில் நாம் பார்க்கும் செயற்கைக்கோள் படம் பல ஆண்டுகளுக்கு முந்தியதாக இருக்கலாம், அதில் இல்லாத கட்டடம் பின்னர் எழுந்திருக்கலாம், இருக்கும் கட்டடம் இடிந்திருக்கலாம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கிப் பார்க்க வசதி உண்டு. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசமாகவும் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகவும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் ஒரு புள்ளி என்பது பத்து மீட்டர், ஆகவே ஒரு வீடு ஓரிரு புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். மேலிருந்து பார்க்கும் படத்தில் கூரைதான் தெரியும், காணொலியிலோ சுவர்தான் தெரியும் என்பதும் பெரிய தடை. கோபுரங்களின் உயரத்தை அறிய, செயற்கைக்கோள் படத்தில் அவற்றின் நிழல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்ப்பது நல்ல வழி.

இடம் கிடைக்கவில்லை என்பது காணொலி போலி என்பதற்குச் சான்றாகாது; தேடியவருக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. அதே வேளையில், இல்லாத இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும் ஆபத்தும் இருக்கிறது. ஆர்மா 3 என்னும் கணினி விளையாட்டின் காட்சிகள் போர்க்களக் காணொலிகளாகத் திரும்பத் திரும்பப் பரவியதால், அதைத் தயாரித்த நிறுவனமே 2022-இல் அவற்றை எப்படி இனங்காண்பது என்று விளக்க வேண்டியதாயிற்று. இப்போது செயற்கை நுண்ணறிவு ஆக்கித் தரும் காணொலிகளும் சேர்ந்துவிட்டன. அவற்றில் கேமரா ஒரு பக்கம் திரும்பி மீண்டும் அதே இடத்துக்கு வரும்போது கட்டடத்தின் சன்னல் எண்ணிக்கை மாறிவிடுவதும், பெயர்ப்பலகையில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகள் நெளிவதும் உண்டு. இக்குறைகள் குறைந்துகொண்டே வருகின்றன என்றாலும், ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிற்கும் பொருள்களைக் கோடுகளாக்கி உண்மையான நிலத்தில் பொருத்தும் சோதனையில் கற்பனைத் தெரு தேறுவது கடினம்.

அதே செயற்கை நுண்ணறிவிடம் ஒரு படத்தைக் கொடுத்து "இது எந்த இடம்" என்று கேட்டால் நொடியில் ஊர்ப்பெயர் சொல்லிவிடுகிறது. சில வேளை வியப்பூட்டும் அளவுக்குச் சரியாகவும் சொல்கிறது. தவறாகச் சொல்லும்போதும் அதே உறுதியோடுதான் சொல்கிறது. செலெவெட்டைப் பற்றித் தகவல் தந்தவருக்குக் கொடுத்த இடத்தை இதற்கும் கொடுக்கலாம்: எங்கே தேடத் தொடங்குவது என்று சொல்லலாம், தீர்ப்பு சொல்லக்கூடாது. செய்தியில் "செயற்கை நுண்ணறிவு உறுதிசெய்தது" என்று எழுதுவதைத் தாங்கள் அனுமதிக்கக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

வழியை வெளிப்படையாக எழுதுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்திவிட்டு, எழுதக்கூடாத இடங்களையும் நான் சொல்லியாக வேண்டும். மேலே விவரித்த முறை, நிகழ்வு நடந்த இடத்தோடு கேமரா நின்ற இடத்தையும், அதாவது எடுத்தவர் எந்த வீட்டின் எந்தச் சன்னலில் நின்றார் என்பதையும், காட்டிக்கொடுத்துவிடுகிறது. அடக்குமுறை உள்ள நாட்டில் அதை அச்சிடுவது அவரைப் பிடித்துக் கொடுப்பதற்குச் சமம். போர்க்காலத்தில் ஆபத்து இன்னும் பரந்தது. தாக்குதல் விழுந்த இடத்தின் காணொலி எதிரிக்குக் குறி திருத்த உதவும் என்பதால், படைகளின் நிலையை அனுமதியின்றி வெளியிடுவதை உக்ரைன் 2022 மார்ச்சில் குற்றமாக்கியது. தனிமனிதர் நிலையோ எல்லாவற்றிலும் மோசம். ஜப்பானில் 2019-இல் இளம் பாடகி ஒருவரைத் தாக்கியதாகக் கைதானவர், அந்தப் பாடகி வெளியிட்ட தற்படத்தில் கண்மணியில் பிரதிபலித்த ரயில் நிலையக் காட்சியை, கூகுளின் தெருக்காட்சிப் படங்களான ஸ்ட்ரீட் வியூவோடு ஒப்பிட்டு அவர் இறங்கும் நிலையத்தைக் கண்டுபிடித்ததாகக் காவல்துறையிடம் கூறினார். ஆகவே குற்றமோ பொதுநலனோ இல்லாத காணொலியில், குறிப்பாக ஒருவருடைய வீட்டைக் காட்டும் காணொலியில், இடத்தைக் கண்டுபிடிப்பதையே செய்தியாக்கக்கூடாது. சிறார் மீதான கொடுமைகளை விசாரிப்பதில் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் 2017 முதல் செய்துவருவது இதற்கு நல்ல முன்மாதிரி. படத்தில் உள்ள ஆட்களை முழுவதும் நீக்கிவிட்டு, பின்னணியில் உள்ள பை, துணி, பொட்டலம் போன்ற ஒரு பொருளை மட்டும் வெட்டி வெளியிட்டு, இது எங்கே விற்கப்படுவது என்று பொதுமக்களிடம் கேட்கிறார்கள்.

நீதிமன்றங்கள் இத்தகைய சான்றுகளை ஏற்கத் தொடங்கிவிட்டன. லிபியாவின் பெங்காசி நகரில் நடந்த கொலைகளுக்காக 2017 ஆகஸ்டில் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் பிறப்பித்த பிடியாணை பெரும்பாலும் சமூக ஊடகக் காணொலிகளையே சார்ந்திருந்தது. 2020-இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையர் அலுவலகமும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மையமும் சேர்ந்து வெளியிட்ட பெர்க்லி நெறிமுறை, மூலப் பதிவைப் பாதுகாப்பது முதல் ஒவ்வொரு முடிவுக்கும் வந்த வழியைக் குறித்துவைப்பது வரை விதிகளை வகுத்திருக்கிறது. நாளிதழுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. செய்தியின் அடியில் நாலு வரி போதும்: எந்த நொடியில் தெரியும் எந்தப் பொருள் தரையில் எதனோடு பொருந்தியது, சரிபார்த்தவர் யார், எந்த ஆண்டுச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டார், எது இன்னும் பொருந்தவில்லை. நாடு மட்டும் தெரிந்தால் நாடு மட்டும் தெரியும் என்றும், ஊர் பெரும்பாலும் சரி என்றால் பெரும்பாலும் என்றும் எழுதலாம். காணொலி இணையத்தில் முதன்முதலில் எப்போது தோன்றியது என்பதையும் சேர்த்தால், ஆறு ஆண்டுப் பழைய கலவரத்தை நேற்றைய கலவரமாக விற்பவர்களின் வேலை பாதி குறையும்.

இறுதியாகப் பக்க வடிவமைப்பாளருக்கு ஒரு வேண்டுகோள். காணொலியிலிருந்து எடுத்த படத்தைப் பத்தி அகலத்துக்காக வெட்டும்போது, நடுவில் உள்ள ஆட்கள் நிற்க, மேலே உள்ள மலைமுகடும் ஓரத்தில் உள்ள கட்டடங்களும்தான் போய்விடுகின்றன. மிச்சமிருக்கும் மூலையில் நாளிதழின் முத்திரை பெயர்ப்பலகையின் மேலேயே வந்து அமர்கிறது. இத்தகைய செய்திகளில் மட்டுமாவது படச்சட்டத்தை வெட்டாமல், முத்திரையைப் படத்துக்கு வெளியே வைத்து, முழு அகலத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த ஊரை அறிந்த வாசகர் எவரேனும் அதைப் பார்க்கக்கூடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
நில அளவைப் பாட ஆசிரியர் (ஓய்வு)